ரேஞ்ச்ஃபைண்டர்ல ரோல் வீணாகுதா? அறிகுறிய வச்சு கோளாறு கண்டுபிடிக்கற வழி

எஸ்எல்ஆர் கேமரால லென்ஸ் வழியாவே பாக்கறோம், மூடி போட்டிருந்தா கண்ணுக்கு இருட்டாத் தெரியும், ஃபோகஸ் போனா மங்கலாத் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமரால நாம பாக்கறது பக்கத்து ஜன்னல் (ஃபைண்டர்) வழியா, ஃபிலிம் பாக்கறது லென்ஸ் வழியா. ஜன்னல் நடுவுல இருக்கற சின்னப் பகுதில (பேட்ச்) ரெண்டாத் தெரியற உருவத்த, லென்ஸத் திருப்பி ஒண்ணாச் சேக்கறதுதான் இதுல ஃபோகஸ். அதனால எது தப்பா இருந்தாலும் ஃபைண்டர்ல எல்லாம் பளிச்சுன்னுதான் இருக்கும், 36 படமும் முடிஞ்சு ரோல் லேப் போய் திரும்பி வந்தப்பறம்தான் விஷயமே தெரியும்.

நான் ஜோர்க்கி-4-ங்கற சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர்ல ஆரம்பிச்சவன். மாஸ்கோ பக்கத்துல கிராஸ்னகோர்ஸ்க் ஃபேக்டரில 1956-ல இருந்து 1973 வரைக்கும் 17 லட்சத்துக்கு மேல செஞ்ச மாடல், அதனாலதான் இன்னிக்கும் கம்மி விலைக்குக் கிடைக்குது, ஆனா கைக்கு வர்ற ஒவ்வொண்ணையும் முன்னாடி யாராவது ஒருத்தர் திறந்து பாத்திருப்பாங்க. அப்புறம் நண்பர்கள் கேனோனெட், யாஷிகா எலக்ட்ரோ, ஒண்ணு ரெண்டு லைக்கான்னு கொண்டு வந்து குடுக்க ஆரம்பிச்சாங்க. திரும்பத் திரும்ப வர்றது அதே ஏழெட்டு கோளாறுதான். அதத்தான் அறிகுறி வாரியா கீழ எழுதிருக்கேன், ஒவ்வொண்ணுலயும் காசு செலவில்லாதது முதல்ல, செலவு வைக்கறது கடைசில.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பண்ணிக்கோங்க. ஒண்ணு, லேப்ல ஸ்கேன் மட்டும் வாங்கிட்டு வராதீங்க, நெகட்டிவ வெட்டாம அப்படியே கேட்டு வாங்குங்க. ஸ்கேன் பண்றவங்க வெளிச்சத்த சரிபண்ணி, ஓரத்த வெட்டித்தான் அனுப்புவாங்க, நமக்கு வேண்டிய சாட்சி எல்லாம் அந்த ஓரத்துலதான் இருக்கும். ரெண்டாவது, தேதி முடிஞ்ச ரோல் ஒண்ணு சும்மா லோட் பண்ணிப் பழக வீட்ல வச்சுக்கோங்க, கேமரா எதுவா இருந்தாலும் முதல் பரிசோதனை அதுலதான்.

ரோல் முழுக்க ஒண்ணுமே இல்ல

நெகட்டிவோட ஓரத்தப் பாருங்க. கம்பெனி பேரும் ஃப்ரேம் நம்பரும் ஓரத்துல தெளிவா இருக்கா?

ஓரத்துல எழுத்து இருக்கு, நடுவுல மட்டும் கண்ணாடி மாதிரி காலியா இருக்குன்னா டெவலப் சரியா நடந்திருக்கு, வெளிச்சம்தான் ஃபிலிம் மேல படல. எழுத்தும் சேந்து காணோம்னா டெவலப்ல கோளாறு, கேமராவ விட்டுட்டு லேப்ல பேசுங்க. முழு ரோலும் கன்னங்கரேல்னு இருந்தா எங்கயோ பின்பக்கம் திறந்து வெளிச்சம் பட்டிருக்கு.

முதல் வகைக்கு காரணம் மூணுதான். லென்ஸ் மூடியக் கழட்டாம எடுத்திருப்பீங்க, ரேஞ்ச்ஃபைண்டர்ல இது எல்லாருக்கும் நடக்கறதுதான், வெளில கிளம்பறப்பவே மூடிய வீட்ல வச்சுட்டு லென்ஸ்ல ஒரு யூவி ஃபில்டரும் ஹூடும் போட்டுட்டீங்கன்னா இந்தப் பேச்சே வராது, ஜோர்க்கில போடற லென்ஸான ஜூபிட்டர்-8-க்கும் இண்டஸ்டார்-61-க்கும் ரெண்டுக்குமே 40.5 எம்எம் ஃபில்டர்தான்.

அடுத்தது, ஃபிலிம் டேக்-அப் ஸ்பூல்ல (எடுத்த ஃபிலிம் சுத்திக்கற உருளை) மாட்டவே இல்ல. லோட் பண்ணி மூடினதும் ரீவைண்ட் நாபை அம்புக்குறி பக்கமா மெதுவா சுத்தி, தொளதொளப்பு போற வரைக்கும் இழுத்து வைங்க. அப்புறம் வைண்ட் பண்றப்ப அந்த நாப் தானா எதிர்ப்பக்கம் சுத்தணும். சுத்தலன்னா ஃபிலிம் நகரல, அவ்ளோதான். இத ஒவ்வொரு ரோல்லயும் முதல் ரெண்டு மூணு ஃப்ரேமுக்கு கண்ணால பாத்து உறுதி பண்ணிக்கோங்க. பழைய ஜோர்க்கி-4 வாங்கறவங்க உள்ள டேக்-அப் ஸ்பூல் இருக்கான்னே பாருங்க, அது தனியாக் கழண்டு வர்ற சாமான், பல பேரு தொலைச்சிருப்பாங்க. கீழ மூடியத் திறந்து ஃபிலிம் சொருகற பழைய லைக்கா மாதிரி பாடின்னா ஃபிலிம் நாக்க (ரோலுக்கு வெளில நீட்டியிருக்கற முனை) ஒரு 10 செண்டிமீட்டருக்கு ஒல்லியா வெட்டிக்கணும், இப்ப கடைல வர்ற ரோல்ல நாக்கு சின்னது, அப்படியே சொருகினா பல்லுக்கும் ஷட்டருக்கும் நடுவுல மாட்டிக்கும்.

மூணாவது, ஷட்டரே திறக்கல. ரோல் இல்லாம பின்பக்கத்தத் திறந்து, லென்ஸ வெளிச்சத்தப் பாத்து வச்சு, 1/60-ல அழுத்துங்க. வெளிச்சம் மின்னுதா? மின்னலன்னா இது வீட்டு வேலை இல்ல, மெக்கானிக்தான்.

ஃபைண்டர்ல ஃபோகஸ் சரியா இருந்துச்சு, படத்துல மங்கல்

அதிகம் பேரு அழறது இதுக்குத்தான், அதனால இத நிதானமாப் பாப்போம்.

எங்க அக்கா பேத்திக்கு காதுகுத்து, மாமா மடில குழந்தைய உக்கார வச்சிருந்தாங்க, ஜூபிட்டர்-8-ல எஃப் 2, அதாவது லென்ஸ முழுசாத் திறந்து வச்சு குழந்தையோட கண்ணுல ரெண்டு உருவத்தையும் சேத்துதான் எடுத்தேன். நெகட்டிவ் வந்து பாத்தா முகம் மங்கல், பின்னாடி சுவத்துல மாட்டியிருந்த காலண்டர்ல தேதி மட்டும் எண்ணிப் படிக்கற அளவுக்கு ஷார்ப். அந்த ரோல்ல தூரமா எடுத்த படம் அத்தனையும் நல்லா இருந்துச்சு. மங்கல்னா மங்கல்னு விட்டுடாம, வேற எது ஷார்ப்பா இருக்குன்னு நெகட்டிவ்ல தேடுங்க, அதுலதான் பதில் இருக்கு.

*எதுவுமே ஷார்ப் இல்ல, எல்லாத் தூரமும் மங்கல்.* உள்ள அமுக்கற லென்ஸ், அதாவது இண்டஸ்டார்-22 இல்ல பழைய எல்மார் மாதிரி இருந்தா, முழுசா வெளில இழுத்து திருகிப் பூட்டுனீங்களான்னு யோசிங்க. ஃபைண்டர்ல இது தெரியவே தெரியாது. லென்ஸோட மரை முழுசாத் திருகாம பாதில நிக்குதான்னும் பாருங்க. லைக்கா எம் மவுண்ட் (லென்ஸ மரைல திருகாம சொருகிப் பூட்டற வகை) பாடில திருகு லென்ஸ் போடறவங்க அடாப்டர் நல்லதா வாங்கணும், ரெண்டு மவுண்டுக்கும் நடுவுல வித்தியாசம் சரியா 1 எம்எம், 28.8-க்கும் 27.8-க்கும், அடாப்டர் கொஞ்சம் தடிச்சுப் போனாலே தூரம் எல்லாம் போச்சு.

*ஒரே திசைல கோடு கோடா இழுத்த மாதிரி மங்கல்.* இது ஃபோகஸ் இல்ல, கை ஆட்டம். 50 எம்எம்ல 1/60-க்குக் கீழ போகாதீங்க, ஜோர்க்கியோட பட்டன் அழுத்தம் வேற கொஞ்சம் நீளம், மூச்ச விட்டுட்டு மெதுவா அழுத்திப் பழகணும்.

*ஃபைண்டரே எனக்கு மங்கலாத்தான் தெரியுது.* ஜோர்க்கி-4-ல ரீவைண்ட் நாப்புக்கு அடில ஒரு சின்ன நெம்புகோல் இருக்கு, கண் பவருக்கு ஏத்த மாதிரி ஃபைண்டர மாத்தறதுக்கு. கண்ணாடி போடறவங்க அதத் திருப்பி சரிபண்ணாம வருஷக்கணக்கா கஷ்டப்படறதப் பாத்திருக்கேன். பத்து செகண்ட் வேலை.

*சில தூரம் சரி, சில தூரம் தப்பு.* இப்பதான் உண்மையான ரேஞ்ச்ஃபைண்டர் சோதனை. மொட்ட மாடிக்குப் போங்க. ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற செல்ஃபோன் டவரோ கோபுரமோ பாருங்க, ராத்திரின்னா நிலா. லென்ஸ இன்ஃபினிட்டி முட்டற வரைக்கும் திருப்புங்க. ரெண்டு உருவமும் ஒண்ணாச் சேருதா? சேரலன்னா பாடியோட ரேஞ்ச்ஃபைண்டர் பக்கவாட்டுல நகந்திருக்கு. சேருதுன்னா கீழ வந்து, சுவத்துல ஒரு காகிதத்த ஒட்டி, ஃபிலிம் இருக்கற இடத்துல இருந்து டேப் வச்சு சரியா 1 மீட்டர் அளந்து, லென்ஸ்ல 1 மீட்டர் வச்சுப் பாருங்க. தூரத்துல சேந்து கிட்டத்துல சேரலன்னா லென்ஸ் நகர்றத ரேஞ்ச்ஃபைண்டருக்குக் கடத்தற, உள்ள இருக்கற கைக்கோலோட சாய்வு மாறியிருக்கு, என்னோட காதுகுத்து ரோல்ல நடந்தது அதுதான்.

ரெண்டு சோதனையும் பாஸ் ஆகி படம் மட்டும் மங்கல்னா சந்தேகம் லென்ஸ் மேல திரும்புது. ஃபிலிம் இல்லாம பின்மூடியக் கழட்டிட்டு, ஃபிலிம் ஓடற ரெண்டு உள் பட்டை இருக்குல்ல, அது மேல பால் மாதிரி மங்கலா இருக்கற மேட் டேப்ப இழுத்து சுருக்கமில்லாம ஒட்டுங்க. வெளிப்பட்டைல ஒட்டிட்டா அளவு தப்பாயிடும், கவனம். ஷட்டர பி-ல (அழுத்திப் பிடிக்கற வரைக்கும் திறந்தே இருக்கும்) வச்சு யாரையாவது அழுத்திப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு, எஃப் 2-ல முழுசாத் திறந்து, டேப் மேல விழற உருவத்த பூதக்கண்ணாடியால பாருங்க. வெளிய இருக்கற மரம் தலைகீழா கலர்ல அதுல நிக்கறத முதல் தடவ பாக்கறப்ப ஒரு சந்தோஷம் வரும், சொன்னாப் புரியாது. ஃபிலிம் பாக்கறது அதத்தான். ஃபைண்டர்ல சேந்த தூரமும் டேப்ல ஷார்ப்பா விழற தூரமும் ஒண்ணா இருந்தா கேமரா நல்லாருக்கு. இன்ஃபினிட்டில ஃபைண்டர் சேந்து டேப்ல மங்கல்னா லென்ஸ யாரோ பிரிச்சு தப்பா மாட்டியிருக்காங்க, இல்ல தூரத்த சரிபண்ண உள்ள வைக்கற மெல்லிசான ஷிம் வளையம் போயிருக்கு. ரஷ்ய லென்ஸ்ல இது சகஜம். இன்னொரு லென்ஸ் கடன் வாங்கி அதே சோதனை பண்ணுங்க, தப்பு லென்ஸ்லயா பாடிலயான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

இன்ஃபினிட்டி சரிபண்றது கைப்பழக்கம் உள்ளவங்க வீட்லயே பண்ணலாம், முன்பக்கத்துல ஒரு சின்ன மூடி ஸ்க்ரூவுக்குப் பின்னாடி சரிபண்ற ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும், இடம் மாடலுக்கு மாடல் மாறும், கால் சுத்துக்கு மேல போக வேண்டி வந்தா நிறுத்துங்க. கைக்கோல் சாய்வு, லென்ஸ் ஷிம் ரெண்டும் மெக்கானிக் வேலை. நான் ரெண்டாவத வீட்ல முயற்சி பண்ணி ஒரு மரைய கெடுத்திருக்கேன், அதனாலதான் அழுத்திச் சொல்றேன்.

ரெட்டை உருவம் மேலயும் கீழயுமா நிக்குது, இல்ல பேட்ச் தெரியவே இல்ல

மேல கீழ விலகல் ஃபோகஸ் அளவ பெருசா பாதிக்காது, ஆனா எங்க சேருதுன்னு கண்ணு முடிவு பண்ணத் திணறும். நேர்க்கோடா இருக்கற ஒண்ண, கதவு ஓரம், கரண்டு கம்பம், அத வச்சு ஃபோகஸ் பண்ணினா சமாளிக்கலாம். ஜோர்க்கில ரேஞ்ச்ஃபைண்டரோட சின்ன வட்ட ஜன்னல் வளையத்தக் கழட்டி உள்ள இருக்கற கண்ணாடியச் சுத்தினா மேல கீழ நகரும், ஆனா கூடவே பக்கவாட்டும் கொஞ்சம் மாறும், அதனால இன்ஃபினிட்டிய மறுபடி பாத்தே ஆகணும்.

பேட்ச் மங்கிப் போயிருந்தா முதல்ல மூணு ஜன்னலையும் ப்ளோயரால ஊதி, மெல்லிசா துடைங்க. அப்பவும் மங்கல்னா கருப்பு டேப்ல மிளகு அளவு ஒரு துண்டு வெட்டி, பெரிய ஃபைண்டர் ஜன்னலோட முன்பக்கம் நடுவுல, பேட்ச் இருக்கற இடத்துக்கு நேரா ஒட்டிப் பாருங்க. பின்னணி இருண்டு பேட்ச் எடுப்பாத் தெரியும். உள்ள இருக்கற பாதி வெள்ளி பூசின கண்ணாடியே வெளுத்துப் போச்சுன்னா மாத்தறதுக்கு மெக்கானிக். மேல் தகட்டக் கழட்டி பஞ்சால துடைக்கலாம்னு மட்டும் போகாதீங்க, பழைய பூச்சு பஞ்சோடயே வந்துடும்.

வெள்ளைப் புள்ளி, வெள்ளைக் கோடு, சிவப்புப் படலம்

மறுபடியும் ஓரத்தப் பாருங்க. கறை ஃப்ரேமத் தாண்டி ஓரத்து ஓட்டை வரைக்கும் பரவியிருக்கா, இல்ல ஃப்ரேமுக்குள்ளயே நிக்குதா? இந்த ஒரு கேள்விலயே பாதி முடிஞ்சுது.

ஓட்டை வரைக்கும் பரவியிருந்தா பின்மூடி ஓரமா வெளிச்சம் கசியுது. கேனோனெட், எலக்ட்ரோ மாதிரி ஜப்பான் கேமரால பின்மூடி ஓரத்துல இருக்கற ஃபோம் ஐம்பது வருஷத்துல தார் மாதிரி உருகிப் போயிருக்கும், விரல் வச்சா கருப்பா ஒட்டும். பல்குத்திக் குச்சில ஸ்பிரிட் தொட்டு பழசச் சுரண்டி எடுத்துட்டு, ஒட்டுற ஃபோமோ கருப்பு உல்லன் நூலோ வைங்க, ஒரு ஞாயித்துக்கிழம சாயங்காலம் போதும், சுரண்டின தூள் ஷட்டர் பக்கம் விழாம கேமராவ கவுத்துப் பிடிச்சுக்கோங்க. ஜோர்க்கில ஃபோமே கிடையாது, பள்ளத்துல மூடி உக்காரும், அங்க கசிஞ்சா மூடி நெளிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ஃப்ரேமுக்குள்ள மட்டும், ஒவ்வொரு படத்துலயும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல புள்ளின்னா துணி ஷட்டர்ல ஊசி ஓட்டை. காரணம் பெரும்பாலும் வெயில். லென்ஸ் இன்ஃபினிட்டில, எஃப் 2-ல திறந்து, மூடி இல்லாம தோள்ல தொங்கவிட்டு நடந்தா சூரியன் நேரா ஷட்டர் துணில குவிஞ்சு சுட்டுடும், சின்னப் பிள்ளைல பூதக்கண்ணாடி வச்சு காகிதத்த எரிச்சது ஞாபகம் இருக்குல்ல, அதேதான். எஸ்எல்ஆர்ல நடுவுல கண்ணாடி நிக்கும், இதுல ஒண்ணும் இல்ல. இருட்டு ரூம்ல லென்ஸக் கழட்டி, முன்பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சு, பின்பக்கம் கண் வச்சுப் பாருங்க. வைண்ட் பண்ணி ஒரு தடவ, பண்ணாம ஒரு தடவ, ஷட்டரோட ரெண்டு துணித் திரையையும் பாக்கணும். நட்சத்திரம் மாதிரி ஒண்ணு ரெண்டு மின்னினா கருப்பு ஃபேப்ரிக் பெயின்ட்ட மெல்லிசான பிரஷ்ல ஒரு சொட்டு மட்டும் தடவி, ஒரு நாள் முழுக்க காயவிட்டு அப்புறம் அழுத்துங்க. தடிச்சுத் தடவினா திரை சுருளறப்ப மாட்டிக்கும். அஞ்சாறு ஓட்டைக்கு மேலன்னா, இல்ல துணியே சுருங்கி பிசுபிசுன்னு இருந்தா, திரை மாத்தணும், அது மெக்கானிக்குக்கும் அரை நாளுக்கு மேல பிடிக்கற வேலை. கேனான் 7, கேனான் பி மாதிரி எஃகு திரை இருக்கற கேமரா வெயிலுக்கு எரியாது, திரை கசங்கியிருக்கும், கசங்கலப் பாத்து பயப்படாதீங்க, வேகம் சரியா வந்தா அப்படியே ஓட்டலாம்.

படத்துல ஒரு பக்கம் இருட்டு, எக்ஸ்போஷர் ஏறுமாறா வருது

1/500, 1/1000-ல எடுத்தது மட்டும் ஒரு பக்கமா இருட்டிப் போகுதுன்னா ரெண்டு திரையும் ஒரே வேகத்துல ஓடல. பின்மூடியத் திறந்து வெள்ளை வானத்தப் பாத்து 1/1000-ல அழுத்தினா முழுச் செவ்வகமும் ஒரே மாதிரி மின்னணும், ஒரு ஓரம் கருப்பா இருந்தா அதான். ஃபோன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாத்தா இன்னும் தெளிவாத் தெரியும். உடனே ரிப்பேருக்குக் குடுக்க வேண்டியதில்ல, 1/250-க்கு மேல போகாம ஐஎஸ்ஓ 100 இல்ல 200 ஃபிலிம் போட்டு ஓட்டலாம், உச்சி வெயில்லயும் ஐஎஸ்ஓ 200-க்கு 1/250, எஃப் 16 வச்சா சரியா வரும். ஸ்பிரிங்க இறுக்கிட்டா வேகம் வந்துடும்னு சொல்லுவாங்க, பழைய எண்ணெய் காஞ்சிருக்கறதாலதான் திரை தயங்குது, சுத்தம் பண்ணாம இறுக்கினா கொஞ்ச நாள்ல மறுபடி தயங்கும்.

ஜோர்க்கி, அது மாதிரியே இன்னொரு சோவியத் கேமராவான ஃபெட் வச்சிருக்கறவங்க இத மனசுல பதிச்சுக்கோங்க: முதல்ல வைண்ட், அப்புறம்தான் ஷட்டர் வேகத்த மாத்தணும். வைண்ட் பண்ணாம டயலத் திருப்பினா உள்ள பின் வளைஞ்சு போற வாய்ப்பு இருக்கு, வேகமும் டயல்ல காட்டறது ஒண்ணு, ஓடறது ஒண்ணா ஆயிடும்.

பேட்டரி கேமரான்னா கதை வேற. கேனோனெட் க்யூஎல்17 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்குச் செஞ்சது, அது இப்ப வர்றதில்ல, 1.5 வோல்ட் அல்கலைன் போட்டா மீட்டர் தப்பாக் காட்டும். காது கேக்கற மெஷினுக்குப் போடற 675 நம்பர் ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட், ஒரு ரப்பர் வளையம் வச்சு உக்கார வச்சா ஓடும், ஸ்டிக்கர பிச்சதும் ஒண்ணு ரெண்டு மாசம்தான் தாங்கும், அது போதும். யாஷிகா எலக்ட்ரோவுக்கு 6 வோல்ட் 4எல்ஆர்44 அடாப்டரோட போடுங்க. எலக்ட்ரோல பேட்டரி செத்தா ஷட்டர் 1/500-லயே ஓடிக்கிட்டே இருக்கும், சத்தத்துல வித்தியாசம் தெரியாது, வீட்டுக்குள்ள எடுத்தது எல்லாம் இருட்டா வந்திருக்கும். பேட்டரி புதுசு, ஆனாலும் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி ஷட்டர் மாறலன்னா வைண்ட் பண்றப்ப காத வச்சுக் கேளுங்க, நல்ல எலக்ட்ரோல உள்ள "டக்"னு ஒரு தட்டு கேக்கும். கேக்கலன்னா உள்ள இருக்கற சின்ன ரப்பர் துண்டு மக்கிப் போயிருக்கு, இந்த மாடலோட பிரபலமான வியாதி இது, துண்டு அஞ்சு ரூபா பெறாது, ஆனா அத எட்டறதுக்கு நிறையப் பிரிக்கணும், மெக்கானிக்கிட்ட "டக் சத்தம் இல்ல"ன்னே சொல்லுங்க, புரிஞ்சுக்குவாரு.

பட்டன் அழுந்தவே மாட்டேங்குது

வைண்ட் முழுசா முடிஞ்சுதா பாருங்க, பாதில நின்னா பூட்டிக்கும். கேனோனெட் ஏ (ஆட்டோ) மோட்ல வெளிச்சம் பத்தலன்னாலும் அதிகம்னாலும் வேணும்னே பூட்டும், ஏ-ல இருந்து மாத்தி அழுத்திப் பாருங்க. இதெல்லாம் இல்லன்னா பலம் போடாம நிறுத்திடுங்க.

ஃப்ரேம் மேல ஃப்ரேம் ஏறுது, ரீவைண்ட் பண்றப்ப கிழியுது

ஜோர்க்கில பட்டனச் சுத்தி ஒரு வளையம் இருக்கு, அமுக்கித் திருப்பினா ரீவைண்ட் விடும். புது ரோல் போடறப்ப அத பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கலன்னா பல்சக்கரம் பிடிக்காது, ஃப்ரேம் கண்டபடி விழும். ரீவைண்ட்ல இறுகிச்சுன்னா சுத்தறத நிறுத்திட்டு வளையம் முழுசா இறங்கியிருக்கான்னு பாருங்க, பலம் போட்டா ஓரத்து ஓட்டை கிழிஞ்சு துணுக்கு உள்ள விழும். எல்லாம் சரியா இருந்தும் இடைவெளி ஒரே மாதிரி இல்லன்னா, ஒண்ணு ஒண்ணைத் தொடாத வரைக்கும் விட்டுடுங்க, பழைய ஜோர்க்கிக்கு அது இயல்பு.

படம் பால் ஊத்தின மாதிரி வெளிறிப் போச்சு

லென்ஸ எஃப் 2-ல திறந்து, பின்பக்கத்துல இருந்து ஃபோன் டார்ச் அடிச்சு, முன்பக்கத்துல சாய்வாப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி கிளை கிளையா இருந்தா ஃபங்கஸ், மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி இருந்தா ஹேஸ். ரெண்டுமே இல்லன்னா வெயில் நேரா லென்ஸ்ல பட்டிருக்கும், பழைய பூச்சு இத தாங்காது, ஹூட் போடுங்க.

கடலோர ஊர்ல இருக்கறவங்க தோல் கவருக்குள்ள கேமராவ வச்சுப் பூட்டாதீங்க, தோல் ஈரத்தப் பிடிச்சு வச்சு ஃபங்கஸ வளக்கும். காத்துப் புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறினதும் வாணலில வறுத்து மறுபடி போடுங்க, வசதி இருந்தா ட்ரை கேபினெட், 45 சதவீதம் ஈரப்பதம் போதும். ஓரத்துல ரெண்டு இழை ஃபங்கஸ் படத்துல தெரியாது. ஹேஸ் தெரியும், சுத்தம் பண்ணக் குடுக்கலாம், ஆனா 50-கள்ல வந்த சில கேனான் லென்ஸ்ல, முக்கியமா 50 எம்எம் எஃப் 1.8-ல, ஹேஸ் கண்ணாடியவே அரிச்சிருக்கும், துடைச்சாலும் போகாது, அத வாங்கறப்பவே டார்ச் அடிச்சு விலக்கிடுங்க.

கேமரா நல்லாருக்கு, ஆனா எடுக்க நினைச்சது படத்துல வரல

மேல சொன்னது எல்லாம் சரியானப்பறம்தான் இந்த இடத்துக்கு வரணும். ஃபோகஸ் ஒத்துப் போகாத பாடிக்கு இன்னொரு லென்ஸ் வாங்கினா மங்கல் படம் ரெண்டு விதமா வரும், அவ்ளோதான்.

*கிட்ட எடுத்தா தலை வெட்டுப்படுது.* ஃபைண்டர் ஜன்னல் லென்ஸுக்கு மேல பக்கத்துல இருக்கு. ஜோர்க்கி இத ஈடு கட்டாது, 1 மீட்டர்ல எடுக்கறப்ப கேமராவ கொஞ்சம் மேல தூக்குங்க. லைக்கா எம், கேனோனெட் மாதிரி படத்தோட எல்லையக் காட்டற சட்டம் ஃபைண்டர்ல தானா நகர்ற கேமரால இந்தக் கவலை இல்ல.

*ரூமுக்குள்ள எல்லாரும் அடங்கல.* 35 எம்எம் வேணும். ரெண்டாவது லென்ஸ்னா என் ஓட்டு இதுக்குத்தான், எஃப் 8 வச்சு 5 மீட்டர்ல நிறுத்திட்டா ரெண்டரை மீட்டர்ல இருந்து கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஷார்ப்பா இருக்கும், தெருவுல ஃபோகஸே பண்ணாம எடுக்கலாம். ஜூபிட்டர்-12 கம்மி விலைக்கு அருமையான லென்ஸ், ஆனா அதோட பின் கண்ணாடி கோலிகுண்டு மாதிரி உள்ள துருத்திக்கிட்டு இருக்கும், சில பாடில உள்ள இடிக்கும், திருகறப்ப தடங்கல் தெரிஞ்சா அங்கேயே நிறுத்துங்க. ஜோர்க்கி ஃபைண்டர் காட்டறது 50 மட்டும், அதனால தனி ஃபைண்டரும் வாங்கணும், 28, 35, 50, 85, 135 அஞ்சும் சுத்தி சுத்தி வர்ற ரஷ்ய டரெட் ஃபைண்டர் ஒண்ணே போதும். லைக்கால எம்3-ல 35-க்கு சட்டம் கிடையாது, 50, 90, 135 மட்டும்தான், 35-தான் உங்களுக்குத் தோதுன்னா எம்2 பாருங்க.

*அடாப்டர் போட்டதும் தப்பான சட்டம் வருது.* எம் அடாப்டர் எந்த சட்டத்த வரவைக்கும்னு அதுலயே எழுதியிருக்கும். எம்6-ல 28-ம் 90-ம் ஜோடி, 35-ம் 135-ம் ஜோடி, 50-ம் 75-ம் ஜோடி. உங்க லென்ஸுக்கு ஏத்தத வாங்குங்க.

*ஆள் முகம் சின்னதாவே வருது.* 85, 90-க்கு மனசு போகும். 85 எம்எம் ஜூபிட்டர்-9 எஃப் 2-ல ஒன்றரை மீட்டர்ல ஷார்ப்பா இருக்கற ஆழம் 4 செண்டிமீட்டர்கூட இல்ல, கண்ணு ஷார்ப்னா காது மங்கல். ரேஞ்ச்ஃபைண்டர்ல மயிரிழை விலகல் இருந்தாலும் 50-ல தெரியாதது இதுல தெரிஞ்சுடும். இப்படி அகலமாத் திறக்கற ரஷ்ய லென்ஸ் லைக்கா பாடில கிட்டத்துல தப்பறதும் சகஜம், ரஷ்யாக்காரங்களும் லைக்காவும் 50 எம்எம்முக்கு எடுத்துக்கிட்ட கணக்கு கொஞ்சம் வேற. அவ்ளோ அகலமாத் திறக்காத எஃப் 4 லென்ஸ் பாருங்க, இல்ல வாங்கறதுக்கு முன்னாடி உங்க பாடியயும் அந்த மேட் டேப்பயும் கைல எடுத்துட்டுப் போய், விக்கறவங்க முன்னாடியே ஒன்றரை மீட்டர்ல சோதிச்சுட்டு அப்புறம் காசக் குடுங்க.

முதல் லென்ஸ் என்ன வாங்கறதுன்னு கேக்கறவங்களுக்கு: கேமராவோட வந்த 50 போதும். பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர் கார்த்தியே-ப்ரெசோன் வாழ்நாள்ல பெரும்பாலும் லைக்கால 50-தான் போட்டாரு. பத்து ரோல் அதுல எடுங்க, நெகட்டிவ் எல்லாத்தையும் ஜன்னல்ல ஒட்டி, எத்தன படத்துல பின்னாடி போக இடமில்லாம சுவத்துல முட்டினீங்க, எத்தனைல இன்னும் கிட்டப் போயிருக்கலாம்னு எண்ணுங்க. முதல் எண்ணிக்கை அதிகம்னா 35, ரெண்டாவது அதிகம்னா காசு செலவு பண்ணாம ரெண்டு அடி முன்னாடி வச்சு எடுத்துப் பாருங்க, அதுக்கப்பறமும் பத்தலன்னா 90.